படுக்கவைத்து எடுத்த அளவு

தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாத காரியம். உட்கார்ந்துவிட்டால், எழுவதற்கு ஒரு நாற்காலியோ யாருடைய கையோ வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே சுவரோரம் இடம் பிடிப்பேன். இதையெல்லாம் எதற்கு இவள் சொல்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது, டாக்டர்.

நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டீர்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் நல்ல முழங்கால் உள்ளவர்களை நிற்கவைத்து ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள். எங்கள் ஆய்வில் வந்த அளவு உங்களுக்கு வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பிடிக்கிற விதத்தில் உங்களிடம்தான் ஏதோ பிசகு என்று முடிவு கட்டி, நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் காலத்தில் குறைவு. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். உங்களுக்குத் தெரிந்த விஷயமும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டிக்குள், மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே, பிறை நிலாபோல இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்கிறோம். வருகிறவர்கள் பொதுவாக ஜவ்வு என்பார்கள். நாங்களும் அவர்களிடம் ஜவ்வு என்றே சொல்லிவிடுவோம். ஸ்கேன் கருவியை முட்டியின் உள்பக்கம் வைத்துப் பார்த்தால் அது ஒரு சின்ன முக்கோணமாகத் தெரியும். எலும்பின் ஓரத்தைத் தாண்டி அந்த முக்கோணம் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பதுதான் வேலை. ஓர் அரிசியின் தடிமனுக்குக் கூடவா குறையவா என்பதுதான் சண்டை. அவ்வளவு நுணுக்கம்.

எங்கள் அறுவைச் சிகிச்சை டாக்டரை இங்கே எல்லாரும் தையல்காரர் என்போம். அவருக்கும் தெரியும், அவருக்கு அதில் பெருமைதான். வெளியே நழுவிய மெத்தையை உள்ளே இழுத்து, எலும்போடு சேர்த்துத் தைத்துவிடுவது அவருடைய கைவேலை. நல்ல மனுஷர். நோயாளியின் கூட வந்தவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. நழுவியது என்று சொல்ல, நழுவாத முட்டியில் அது எவ்வளவு தூரம் நகரும் என்று தெரிய வேண்டும். யாரிடமும் அதற்குச் சரியான கணக்கு இல்லை என்பார். அதற்காகத்தான் அந்த ஆய்வு. முட்டியில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வரவழைப்பது. முதலில் படுக்கவைத்து ஒரு அளவு, பிறகு ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்கவைத்து ஒரு அளவு. ஸ்கேன் அறையில் நான்தான் மூத்தவள். ஸ்கேன் மேடத்துக்குக் கை அசையாது என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அதனால் என்னிடம் கொடுத்தார்.

நல்ல முட்டிகளைத் தேடிப் பிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிற பெண்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள், வாசலில் நிற்கிற காவலாளி. அந்தக் காவலாளி படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே, “முட்டியில ஒண்ணும் இல்லன்னு சொல்லித்தான் வந்தேன் மேடம். நீங்க இவ்வளவு நேரம் உத்துப் பாக்கிறதப் பாத்தா எதையாவது கண்டுபிடிச்சிடுவீங்க போல இருக்கு” என்றார்.

“ஒண்ணும் இல்லாததத்தான் தேடிக்கிட்டிருக்கேன்” என்றேன்.

“அதுக்கு எங்க வீட்டு அலமாரியத் திறந்து பாத்தாப் போதுமே” என்றார்.

படுக்கவைத்து எடுப்பது சுகமான வேலை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், முட்டி என் கைக்கு நேராக இருக்கும். நிற்கவைத்து எடுப்பதுதான் சங்கடம். இந்த அறையைப் பாருங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அடி. ஆளை அங்கே நிறுத்தி, நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி மேலே திரையைப் பார்க்க வேண்டும். ஜெல் என் முழங்கை வழியாக ஒழுகும். ஒற்றைக் காலில் நிற்கிறவர் ஆடுவார், ஆடினால் சிரிப்பார், சிரித்தால் இன்னும் ஆடுவார். லாண்டரிப் பெண் ஒருத்தி விழாமலிருக்க என் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, சாயங்காலம் என் முட்டி என்னுடையதாக இருக்காது.

முதல் ஐந்தாறு பேருக்கு ஒழுங்காகத்தான் செய்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த ஐந்தாறு பேருக்கும் நின்றபோது முக்கோணம் நன்றாக வெளியே வந்தது. ஒருவர் தவறாமல். எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல முட்டி என்றால் அதது அதனதன் இடத்தில் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் ஆடுவதால் படம் ஆடுகிறது, படம் ஆடுவதால் அளவு கூடுகிறது என்று முடிவு செய்தேன். எல்லாருக்கும் ஒரே பக்கமாகப் பிசகினால் அது பிசகு இல்லை என்று முதல் வருஷ மாணவிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தரையிலிருந்து எழுந்துகொண்டிருக்கும்போது மட்டும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களை நான் நிற்கவைக்கவில்லை. படுக்கவைத்து ஒரு படம் எடுத்தேன். கருவியைக் கொஞ்சம் நகர்த்தி, அதே படுக்கையில் இன்னொரு படம் எடுத்தேன். இரண்டாவதன் கீழே நின்றது என்று போட்டேன். நிற்கிறவர் முட்டியா படுத்திருப்பவர் முட்டியா என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது, கீழே என்ன போட்டிருக்கிறதோ அதுதான். அளவில் மட்டும் கொஞ்சம் கூட்டினேன். துணி சுருங்கும் என்று அரை விரல் கூட்டி வெட்டுவார்களே, அந்த மாதிரி. முதலில் வந்த ஐந்தாறு பேருடைய அளவையும் அதற்கு ஏற்றாற்போல் திருத்தினேன்.

அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சிரமத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். வந்தவர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள். படுத்து எழுந்து போவதற்கு யார் கோபித்துக்கொள்வார்கள்?

தையல்காரருக்கு அந்த முடிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல முட்டியில் மெத்தை நின்றாலும் அவ்வளவாக நகராது என்று தெளிவாக இருந்தது. இதற்கு மேல் போனால் நழுவல் என்று ஒரு கோட்டைப் போட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நீங்க கோடு போட்டுக் குடுத்துட்டீங்க மேடம், இனிமே நான் ரோடே போட்டுடுவேன்” என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் முதல் துண்டு.

பிறகு நோயாளிகள் வந்தார்கள். அவர்களுக்கு ஸ்கேன் எடுத்தது பெரும்பாலும் என்னுடன் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளவயசு, முட்டி நன்றாக மடங்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து, நிற்கவைத்து, ஒழுங்காக அளந்தார்கள். ஒழுங்காக அளந்தால் எல்லாரும் கோட்டைத் தாண்டுவார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? மாடிப்படி ஏறினால் லேசாக வலிக்கிறது என்று வந்த ஆசிரியை தாண்டினார். சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறவர் தாண்டினார். “இத்தனை பேருக்கு நழுவிக் கிடந்திருக்கு, பாக்க ஆளில்லாம கஷ்டப்பட்டிருக்காங்க பாருங்க” என்று தையல்காரர் மெய்யாகவே வருத்தப்பட்டார். ஒவ்வொருவருடையதையும் உள்ளே இழுத்து, எலும்போடு தைத்தார். நேர்த்தியான தையல். அது தானாக நகர்ந்து கொடுப்பதால்தான் மனுஷர் நடக்கிறார் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இழுத்துத் தைத்த பிறகு முட்டி மடங்க மறுக்கும். சிலருக்குத் தைத்த இடமே கிழியும். ஜவ்வு ரொம்பக் கெட்டுப்போயிருந்தது, அதனால்தான் இப்படி என்று அவர்களிடம் சொன்னோம்.

அந்தக் காவலாளியும் வந்தார். புதிதாக வாங்கிய செருப்பு சேராமல் முட்டியில் ஏதோ பிடிப்பு. என் அறைக்குப் பக்கத்து அறையில் நிற்கவைத்து எடுத்தார்கள். தாண்டியது. தைத்தார்கள். பிறகு கைத்தடியோடு என்னைப் பார்க்க வந்தவர், வாசலிலேயே நின்று, “அன்னிக்கு நல்லா இருந்துச்சு மேடம், நீங்களே பாத்தீங்க. நடுவுல எப்படி நழுவுச்சோ தெரியல. நல்லா இருந்ததுக்கு நீங்கதான் சாட்சி” என்றார். ஆமாம் என்றேன். அவர் வேலை இப்போது வாசலில் இல்லை. நிற்க முடியாததால் உள்ளே டோக்கன் கொடுக்க உட்கார்த்தியிருக்கிறார்கள். காலையில் வரும்போது உங்களுக்கு டோக்கன் கொடுத்தவர் அவர்தான்.

அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்பீர்கள். அப்போது சந்தேகம்தான். நிச்சயமானது வேறொரு நாள்.

என் இடது முட்டி வலிக்க ஆரம்பித்திருந்தது. தையல்காரர், “ஊருக்கெல்லாம் பாக்குறீங்க, உங்களோடத ஒரு தடவை பாத்துக்கக் கூடாதா” என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழ் போட்டுவிட்டு, மெஷினில் சாய்ந்து நின்றபடி, நானே குனிந்து கருவியை வைத்துப் பார்த்தேன். காலில் எடை போட்டேன், முக்கோணம் வெளியே வந்தது. எடையை எடுத்தேன், உள்ளே போனது. போட்டேன், வந்தது. எடுத்தேன், போனது. குழந்தை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குமே, அப்படி. அடுத்து வலியே இல்லாத வலது முட்டியில் வைத்தேன். அதுவும் அப்படியேதான். இரண்டுமே கோட்டை நன்றாகத் தாண்டியிருந்தன. அவ்வளவு அழகான ஒன்றை நான் திரையில் பார்த்ததில்லை. நான் எத்தனை பேருடையதைத் தைக்கவைத்திருக்கிறேன் என்று அப்போது எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன்.

“பாத்தீங்களா” என்று அவர் கேட்டார். படுத்துக்கொண்டு பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். நின்று பார்க்கவில்லையா என்றார். “தனியா எப்படி டாக்டர் நின்னுக்கிட்டு எடுக்கிறது” என்றேன். சிரித்துவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் வலி போய்விட்டது. இன்று காலைகூட இந்த மாடிக்கு நான் படியில்தான் வந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. சொன்னால் தைத்ததைப் பிரிக்க முடியுமா? தையல்காரர் அப்புறம் கத்தியைத் தொடுவாரா? ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை வைத்து மற்ற வியாதிகளுக்கு வருகிறவர்கள் எங்கே போவார்கள்? இப்படி ஒவ்வொன்றாக. எல்லாம் நல்ல நியாயங்கள். அவற்றைச் சொல்லிப் பார்க்கும்போது எனக்கே என்மேல் மதிப்பு வரும்.

ஆனால் ராத்திரி படுத்தால் முட்டிகள்தான் கண்ணில் வரும். பஸ்ஸில் போனால் எதிர் சீட்டில் இருப்பவர் முகத்தை நான் பார்ப்பதில்லை. எப்படி உட்காருகிறார், எழும்போது எதைப் பிடிக்கிறார் என்றுதான் பார்ப்பேன். யாராவது கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தால், அவர் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்தவரா என்று அவர் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் நான் ஒன்று செய்தேன். என்னிடம் நேரடியாக வருகிற நோயாளிகளை மட்டும் நான் படுக்கவைத்தே அளந்தேன். படுத்தால் யாரும் தாண்டமாட்டார்கள். நன்றாக இருக்கிறது, போங்கள் என்று அனுப்பிவிடுவேன். அவர்கள் பிழைத்தார்கள். பக்கத்து அறைக்குப் போனவர்கள் பிழைக்கவில்லை. என் மேஜைக்கு வந்தவர்களையாவது காப்பாற்றினேனே என்று நான் நிம்மதிப்பட்டுக்கொண்டேன். வாரத்தில் ஒரு சிலராவது இருப்பார்கள்.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளை வீட்டில் விசில் என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்றால் நான்தான், வேறு யாரும் இல்லை. அம்மா போனபோது அவள் பால் பல்கூட விழாத பிள்ளை. அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார். தலை வாரிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்குக் கண் விழித்தது வரை எல்லாம் நான். என் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, தங்கச்சியும் கூட வருவாளா என்கிற இடத்தில் நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் கால்பந்து நடுவர். மைதானத்தில் ஆடுகிறவர்களைவிட நடுவர்தான் அதிகம் ஓட வேண்டும், தெரியுமா? ஆட்டக்காரர்களாவது நடுவில் உட்காருவார்கள். சாப்பாட்டில் உப்பு கூடினால் எனக்கு மஞ்சள் அட்டை காட்டுவாள். என்னை மேலிடம் என்பாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன், மேலிடத்துக்கு மூட் சரியில்லை, இப்படியெல்லாம் சிநேகிதிகளிடம் போனில் அளப்பாள். மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அவள் ஏறி வருவது கீழே இருந்தே கேட்கும், இரண்டிரண்டு படியாகத் தாவுவாள்.

பெரிய ஆட்டங்களுக்கான நடுவர் குழுவில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு ஊர். அங்கேயே தங்கிப் பயிற்சி, அப்புறம் ஊர் ஊராகப் போக வேண்டியது. போவதற்கு முன்னால் ஓட்டப் பரீட்சை ஒன்று உண்டு. அவள் பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தாள். நான் அவள் துணிகளை இஸ்திரி போட்டு அடுக்கிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் போனால் வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். அதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை.

பயிற்சி ஓட்டத்தில் இடது முட்டியில் சுருக்கென்றது என்றாள். ஒரு நாள் ஓய்வெடுத்தால் போய்விடுகிற வலி. பரீட்சைக்கு முன்னால் சந்தேகம் வேண்டாம் என்று என்னிடம் வந்தாள். பக்கத்து அறைப் பெண்கள் சும்மாதான் இருந்தார்கள். அவர்களிடம் போக மாட்டேன், மேலிடம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி இந்தக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினாள்.

“அக்கா, படுக்கணுமா, நிக்கணுமா?” என்று கேட்டாள்.

“நில்லு” என்றேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நான் தரையில் உட்கார்ந்தேன். நிதானமாக, படம் துளிகூட ஆடாமல் அளந்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த மிகச் சரியான அளவு அதுவாகத்தான் இருக்கும். அவளுடைய மெத்தை அழகாக வெளியே வந்து, அழகாக உள்ளே போனது. என்னுடையதைப் போலவே இருந்தது. அக்கா தங்கை இல்லையா?

“என்ன, மூஞ்சியப் பாத்தா பெனால்ட்டி குடுக்கப் போற மாதிரி இருக்கு” என்றாள்.

“கொஞ்சம் நழுவியிருக்கு.”

“ஆபரேஷன் பண்ணிக்கணுமா?”

“பண்ணிக்கிட்டா நல்லது.”

முட்டியை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “பரீட்சை அடுத்த வருஷமும் வரும், இல்ல?” என்றாள். வரும் என்றேன். “சரி. மேலிடம் சொன்னதுக்கு அப்பீல் ஏது” என்று கிளம்பினாள்.

தையல்காரர் அந்த நேரத்தில் அறையில் இருந்தார், அவர் எதிரில் கோட்டை எப்படித் தப்பென்று சொல்வது, அதனால்தான் அப்படிச் சொல்லவேண்டியதாகிவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இருந்தது உண்மை. ஆனால் அவர் ஜன்னலோரம் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. படுக்கச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு விசில் ஓடவில்லை. இடது கால் பாதிக்கு மேல் மடங்காது. அடுத்த வருஷப் பரீட்சை வந்து போனது. நான் குறை வைக்கவில்லை, டாக்டர். வெந்நீர் வைத்துக் கால் கழுவிவிட்டேன். தினமும் தரையில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். அந்தத் தழும்பின் மேல் கை போகும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். ஒரு தடவை வாய்வரை வந்துவிட்டது. அவள் என் தலையில் கை வைத்து, “நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அக்கா” என்றாள். அந்த மாதிரி ஒரு வார்த்தைக்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் அவளுக்குக் கால் மட்டுமில்லை, அக்காவும் போயிருப்பாள். அதை யோசித்துத்தான் விழுங்கினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவாள், ஒவ்வொரு படியாக. கீழே வந்ததும் இருவருக்குமே மூச்சு வாங்கும். அப்படி இறங்கும்போது நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன மாசம் அவளுக்கு ஒரு போன் வந்தது. புதிதாக வருகிற நடுவர்களுக்கு விதிமுறை சொல்லிக்கொடுக்கிற வேலை. அதே ஊர்தான். ஓட வேண்டாம், நடந்தால் போதும். விசில் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். பரண்மேல் இருந்த பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையனைவிட்டு எடுக்கச் சொன்னாள். அந்த வாரமே வலது முட்டியில் வலி என்றாள். இரண்டு கால் சுமக்க வேண்டியதை ஒரு கால் சுமந்தால் வலிக்கத்தான் செய்யும். ஒத்தடம் கொடுத்தால் போதும்.

ஆனாலும் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். கூட்டி வந்தேன்.

“இந்தத் தடவையும் நிக்கணுமா?” என்று கேட்டாள்.

“ஒரு கால்ல நிக்க முடியுமா?” என்றேன்.

“உன்னப் பிடிச்சுக்கிட்டா முடியும்” என்றாள்.

நான் கீழே உட்கார்ந்து அளந்து முடிக்கிறவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளவு எதிர்பார்த்த மாதிரியே கோட்டைத் தாண்டியிருந்தது. அவளிடமும் தையல்காரரிடமும் அதைச் சொன்னேன். பெட்டியை மறுபடி பரணில் வைத்தாயிற்று.

நீங்கள் முந்தாநாள் காலையில் இந்த வாசலில் வந்து நின்று, நிற்கவைத்து எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டபோது, எனக்கு ஏனோ ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. கேட்பதற்கு ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். மெஷின் ரிப்பேர், இன்றைக்குப் பத்து மணிக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மெஷினுக்கு ஒன்றுமில்லை. நேற்றுக்கூட இதில்தான் வேலை செய்தேன்.

இன்றைக்கு விசிலை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும் நேரம் ஒன்பதரை.

போனை எடுக்கிறீர்கள். எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் தியேட்டருக்குள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். கீழே ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள், தெரிகிறது. தையல்காரர் கை வேகமான கை. நான் பேசிக்கொண்டிருந்த இத்தனை நேரத்தில் அவர் கடைசித் தையலுக்கு வந்திருப்பார். அதனால் உட்காருங்கள், மீதியையும் கேட்டுவிடுங்கள், கொஞ்சம்தான்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நல்ல முட்டிகளைப் படுக்கவைத்து அளந்து, நின்றதாகப் போட்டவள் நான். அந்தக் கோடு பொய் என்று என் முட்டியிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தவள் நான். தையல்காரர்மேலும் அந்த இரண்டு பெண்கள்மேலும் எந்தத் தப்பும் இல்லை. என் தங்கையின் இரண்டு முட்டியும் நல்ல முட்டி என்று தெரிந்தே உள்ளே அனுப்பினேன். மறைக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை. மனசு லேசாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்ன செய்வதானாலும் சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிடச் சொல்லுங்கள். மயக்கம் தெளிந்தால் அவள் முதலில் என்னைத்தான் தேடுவாள். இனிமேல் அவளால் தனியாக எங்கேயும் போக முடியாது, டாக்டர். பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?